சென்னைக்கு 645 கிலோமீற்றர்: மீதி நாற்பது நிமிடம் எங்கே போனது?

ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் மருமகள் கணக்கில் கெட்டிக்காரி. ஆகஸ்ட் விடுமுறைக்குத் தாயோடு சென்னைக்குப் புறப்படுவதற்கு முன், வெள்ளவத்தை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் டிக்கெட்டின் பிரதியை விரித்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள். "மாமா, கட்டுநாயக்கவில் இருந்து சென்னைக்கு 645 கிலோமீற்றர். ஜெட் விமானம் மணிக்கு 850 கிலோமீற்றர் போகும். வகுத்தால் 46 நிமிடம்தான் வருகிறது. இதில் 1 மணி 25 நிமிடம் என்று போட்டிருக்கிறார்களே, மீதி நாற்பது நிமிடம் எங்கே போனது?"

நல்ல கேள்வி. தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம் என்று பள்ளியில் படித்த எவருக்கும் வரக்கூடிய சந்தேகம். அவளுக்குச் சொன்ன பதிலைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். தூரத்திலிருந்தே தொடங்க வேண்டும், ஏனென்றால் அந்த 645 என்ற எண்ணே பலர் நினைப்பது போன்றதல்ல.

அது கொழும்பு நகரத்துக்கும் சென்னை நகரத்துக்கும் இடையிலான தூரம் அல்ல; கட்டுநாயக்கவில் உள்ள பண்டாரநாயக்க விமான நிலையத்துக்கும் மீனம்பாக்கத்தில் உள்ள சென்னை விமான நிலையத்துக்கும் இடையிலான தூரம். கொழும்புக் கோட்டையில் ஒரு புள்ளி, சென்னை சென்ட்ரலில் ஒரு புள்ளி வைத்து அளந்தால் ஏறக்குறைய 680 கிலோமீற்றர் வரும். கட்டுநாயக்க, கொழும்புக்கு வடக்கே, அதாவது சென்னைப் பக்கமாக இருக்கிறது. மீனம்பாக்கமோ சென்னையின் தெற்கே, எங்கள் பக்கமாக இருக்கிறது. இரண்டு நிலையங்களும் ஒன்றையொன்று எட்டிப் பார்ப்பதுபோல அமைந்துவிட்டதால் 35 கிலோமீற்றர் குறைந்துவிட்டது. குறைந்த அந்தத் தூரத்தை நாங்கள் வீதியில் கொடுக்கிறோம் என்பது வேறு கதை.

இந்த 645-ஐ இணையத்தில் தேடாமல் ஒரு தாளில் கண்டுபிடிக்கலாம். கொழும்பும் சென்னையும் ஏறத்தாழ ஒரே நெடுங்கோட்டில், ஒன்றுக்கு நேர் மேலே மற்றொன்றாக இருப்பதால் இந்த வசதி நமக்குக் கிடைத்திருக்கிறது. கட்டுநாயக்க விமான நிலையம் பூமத்திய ரேகைக்கு வடக்கே 7 பாகை 11 கலையில் இருக்கிறது. சென்னை விமான நிலையம் ஏறக்குறைய 13 பாகையில் இருக்கிறது. ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் 5 பாகை 49 கலை. ஒரு பாகைக்கு 60 கலை. ஆகவே மொத்தம் 349 கலை. இனித்தான் அழகு. அகலக்கோட்டில் ஒரு கலை என்பது பூமியின் மேற்பரப்பில் ஒரு கடல் மைல். கடல் மைல் என்ற அளவு பிறந்ததே அப்படித்தான். எனவே 349 கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீற்றர் என்பதால், பெருக்கினால் 646. சென்னை நமக்குச் சற்றுக் கிழக்கே, முப்பது கிலோமீற்றருக்குச் சிறிது அதிகமாக விலகியிருக்கிறது. ஆனால் இவ்வளவு நீளமான கோட்டில் அந்த விலகல் ஒரு கிலோமீற்றரைக்கூடச் சேர்ப்பதில்லை. மருமகள் இதை இரண்டு தரம் போட்டுப் பார்த்துவிட்டு, யாழ்ப்பாணத்தையும் போடத் தொடங்கிவிட்டாள்.

ஒரு இணையத்தளம் 644 என்கிறது, இன்னொன்று 647 என்கிறது என்றால் பதற வேண்டாம். பூமியை உருண்டைப் பந்தாக எடுத்தால் ஒரு விடை. துருவங்களில் சற்றே தட்டையான அதன் உண்மை வடிவத்தை எடுத்தால் இன்னொரு விடை. வித்தியாசம் நூற்றுக்கு அரைப் பங்கு அளவில்தான் இருக்கும்.

சென்னை நேர் வடக்கே இருப்பதால் சிக்கல் இல்லை. கிழக்கு மேற்காக வெகுதூரம் போகும்போதுதான் தட்டை வரைபடம் கண்ணை ஏமாற்றுகிறது. எங்கள் குடும்பங்களில் பாதிப் பேர் இருக்கும் ரொறன்ரோவை எடுத்துக்கொள்வோம். சுவரில் மாட்டிய உலகப் படத்தில் கொழும்பையும் ரொறன்ரோவையும் அடிமட்டத்தால் இணைத்தால் கோடு அரபுக் கடலைத் தாண்டி, சகாரா பாலைவனத்தின் மேலாக, அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து போகிறது. குறுக்கு வழி அதுதான் என்று தோன்றும். அது குறுக்கு வழி அல்ல.

வீட்டில் உருண்டையான பூகோளம் இருந்தால் ஒரு தையல் நூலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு முனையைக் கொழும்பில் விரலால் அழுத்தி, மறுமுனையை ரொறன்ரோவில் வைத்து, தளர்வில்லாமல் இழுத்துப் பிடியுங்கள். நூல் மேற்கே போகாது; வடக்கே ஏறும். மேற்கு இந்தியாவைத் தாண்டி, பாகிஸ்தான், ஆப்கானிஸ்தானின் கிழக்கு, உஸ்பெகிஸ்தான், ரஷ்யா, நோர்வேயின் வட முனை, கிரீன்லாந்து என்று ஏறி, ஆர்க்டிக் வட்டத்துக்கும் மேலே கிட்டத்தட்ட 72 பாகை வரை போய், பிறகு லாப்ரடோர் பக்கமாகக் கனடாவுக்குள் இறங்கும். அதன் நீளம் சுமார் 14,000 கிலோமீற்றர். முப்பது சென்ரிமீற்றர் விட்டமுள்ள பூகோளத்தில் ஒரு சென்ரிமீற்றர் ஏறக்குறைய 425 கிலோமீற்றர். நூலை எடுத்து அடிமட்டத்தில் வைத்தால் 33 சென்ரிமீற்றர் இருக்கும். உருண்டையின் மேல் இரண்டு புள்ளிகளை இணைக்கும் மிகக் குறுகிய பாதை இப்படித்தான் அமையும். இதைப் பெருவட்டப் பாதை என்பார்கள். விமானத் தூரம் என்று எங்கே பார்த்தாலும் பெரும்பாலும் இந்த நூலின் நீளத்தைத்தான் தருகிறார்கள். விமானம் உண்மையில் பறந்த தூரம் அது அல்ல.

கொழும்பிலிருந்து ரொறன்ரோவுக்கு நேரடி விமானம் கிடையாது. டுபாயிலோ லண்டனிலோ மாறித்தான் போக வேண்டும். "சுற்றி வளைத்துக் கொண்டுபோகிறார்கள்" என்று பெரியவர்கள் குறைப்படுவதைக் கேட்டிருக்கிறேன். கணக்குப் பார்த்தால் அந்தக் குறை நியாயமில்லை. கொழும்பு–டுபாய் 3,290, டுபாய்–ரொறன்ரோ 11,080, கூட்டினால் 14,370. நேர் நூலைவிட 370 கிலோமீற்றர்தான் கூடுதல், அரை மணி நேரப் பறப்பு. லண்டன் வழியாகப் போனால் 8,715-உம் 5,707-உம் சேர்ந்து 14,420 அளவில் வரும். சிங்கப்பூர் வழியாகப் போனால்தான் உண்மையான சுற்று. அது 17,700-ஐத் தாண்டும். டுபாயில் மாறுவதால் வீணாவது தூரம் அல்ல, அங்கே கதிரையில் உட்கார்ந்து கழிக்கும் மணித்தியாலங்கள்.

இனி மருமகளின் நாற்பது நிமிடத்துக்கு வருகிறேன்.

டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரம் விமானம் ஆகாயத்தில் இருக்கும் நேரம் என்று நினைத்ததுதான் அவளுடைய தவறு. விமான நிறுவனங்களின் கணக்கில், நிறுத்துமிடத்தில் சக்கரங்களுக்கு முன்னால் வைத்த கட்டையை எடுத்து விமானம் அசையத் தொடங்கும் கணத்தில் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. போய்ச் சேர்ந்த இடத்தில் மறுபடி கட்டை வைக்கும்போதுதான் நிற்கிறது. இடையில் நடப்பதைக் கட்டுநாயக்கவில் ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்தால் தெரியும். ஒரு சிறிய இழுவை வண்டி விமானத்தைப் பின்னால் தள்ளிவிடும். இயந்திரங்கள் ஒவ்வொன்றாக உயிர் பெறும். பிறகு, வெள்ளவத்தையில் மாலை நேரத்து முச்சக்கர வண்டியைப்போல மெதுவாக ஊர்ந்து ஓடுபாதையின் முனைக்குப் போகும். முன்னால் ஒரு விமானம் நின்றால் காத்திருக்கும். அங்கே ஓடுபாதை வடகிழக்கு–தென்மேற்காக அமைந்திருக்கிறது. விமானம் காற்றை எதிர்த்துத்தான் எழும்ப வேண்டும். தென்மேல் பருவக்காற்று வீசும் மாதங்களில் சென்னை விமானம் முதலில் கடலை நோக்கி, சென்னைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எழும்பி, பிறகுதான் வடக்கே திரும்புகிறது. அந்தத் திரும்பலுக்கும் நிமிடங்கள் செலவாகின்றன.

மேலே போனபிறகும் அந்த 850 உடனே கிடைப்பதில்லை. பத்து, பதினொரு கிலோமீற்றர் உயரத்துக்கு ஏற ஏறக்குறைய 200 கிலோமீற்றர் தூரம் பிடிக்கும். அங்கிருந்து இறங்குவதற்கும் அவ்வளவு வேண்டும். 10,000 அடிக்குக் கீழே பொதுவாக மணிக்கு 460 கிலோமீற்றர் அளவுக்கு மேல் போக விடுவதும் இல்லை. கூட்டிக் கழித்துப் பாருங்கள்: 645-இல் ஏற 200, இறங்க 200. முழு வேகத்தில் சமமாகப் பறப்பது நடுவில் உள்ள 245 கிலோமீற்றர் மட்டும். கோப்பியைக் கொடுத்து முடிப்பதற்குள் கோப்பையைத் திரும்பக் கேட்கிறார்களே, காரணம் இதுதான். சென்னையில் நெரிசல் இருந்தால் வரிசையில் நின்று இறங்க வேண்டும். அதற்காகவும் சில நிமிடங்களை நிறுவனங்கள் முன்கூட்டியே அட்டவணையில் சேர்த்து வைக்கின்றன. "பத்து நிமிடம் முந்தி வந்துவிட்டோம்" என்று விமானி அறிவிக்கும்போது, அவர் பறந்து மிச்சம் பிடித்ததைவிட அட்டவணை விட்டுக்கொடுத்ததே பெரும்பாலும் அதிகம்.

ஆகவே நான் வைத்திருக்கும் கைக்கணக்கு இது: தூரத்தை 850-ஆல் வகுத்து, வரும் விடையோடு அரை மணி நேரத்தைக் கூட்டுங்கள். சென்னைக்கு 1 மணி 16 நிமிடம் வரும். சிங்கப்பூர் 2,750 கிலோமீற்றர். மூன்றே முக்கால் மணி நேரம். லண்டன் 8,715 கிலோமீற்றர். பத்தே முக்கால் மணி நேரம். அட்டவணையோடு ஒப்பிட்டால் பக்கத்தில் வந்துவிடும், பத்து இருபது நிமிட வித்தியாசம் இருக்கலாம். தூரம் கூடக்கூட அந்த அரை மணி நேரம் கண்ணில் படாமல் போகிறது. குறுகிய பயணத்தில்தான் அது பெரிதாகத் தெரிகிறது.

இந்தக் கணக்கு ஜெட் விமானங்களுக்கு மட்டும் பொருந்தும். மருமகள் போட்டுப் பார்த்த யாழ்ப்பாணத்துக்கு வாருங்கள். பலாலியிலிருந்து சென்னைக்கு 355 கிலோமீற்றர், கட்டுநாயக்கவிலிருந்து போவதில் பாதிக்குச் சற்று அதிகம். 2019-இல் பலாலி சர்வதேச விமான நிலையமானபின் சென்னைக்குப் பறக்கத் தொடங்கியவை ஏ.டி.ஆர். 72 என்ற, விசிறி இயந்திரம் பூட்டிய விமானங்கள். அவற்றின் வேகம் மணிக்கு 500 கிலோமீற்றர் அளவுதான். 355-ஐ 500-ஆல் வகுத்து அரை மணியைக் கூட்டினால் ஒன்றே கால் மணி நேரம் வரும். தூரத்தில் இத்தனை வித்தியாசம் இருந்தும் யாழ்ப்பாணத்தவரும் கொழும்பாரும் ஏறக்குறைய ஒரே நேரம்தான் விமானத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

விமானத்தின் வேகம் மாறினால் அதே தூரம் எப்படி மாறிப்போகும் என்பதற்கு இந்தத் தீவின் கரையிலேயே ஒரு பழைய சாட்சி உண்டு. இரண்டாம் உலகப் போரில் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்தபின், அவுஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையிலான விமான வழி அறுந்துபோனது. 1943 முதல் 1945 வரை குவாண்டாஸ் நிறுவனம் பேர்த்திலிருந்து காலிக்குப் பக்கத்தில் உள்ள கொக்கல வாவிக்கு, நீரில் இறங்கும் கட்டலீனா விமானங்களை ஓட்டியது. 5,650 கிலோமீற்றர் தூரம், இடையில் இறங்க ஓரிடமும் இல்லை. பயணம் 27 மணி நேரத்திலிருந்து 33 மணி நேரம் வரை நீண்டது. பயணிகள் ஆகாயத்திலேயே இரண்டு முறை சூரிய உதயத்தைப் பார்த்தார்கள். அதற்கென்று ஒரு சான்றிதழும் கொடுத்தார்கள். இன்றைய ஜெட் அதே தூரத்தை ஏறக்குறைய ஏழு மணி நேரத்தில் முடித்துவிடும். நூலின் நீளம் அன்றும் இன்றும் ஒன்றுதான்.

அடுத்தது காற்று. லண்டனுக்குப் போகும்போது பதினொரு மணி நேரத்துக்கும் கூட ஆகிறது, திரும்பி வரும்போது பத்தரை மணி நேரத்தில் வந்துவிடுகிறோம். ஏன்? "பூமி சுழல்கிறது அல்லவா, அதனால்தான்" என்று சொல்லாதவர்கள் குறைவு. பூமி சுழலும்போது காற்று மண்டலமும் அதோடு சேர்ந்தே சுழல்கிறது. அதற்குள் பறக்கும் விமானத்துக்கு அந்தச் சுழற்சி நேராக ஒன்றையும் கொடுப்பதும் இல்லை, எடுப்பதும் இல்லை. களனி கங்கையில் தோணி விடுகிறவருக்கு இது விளங்கும். துடுப்பின் வலு ஒன்றுதான், நீரோட்டத்தோடு போனால் கரை விரைவாக ஓடும், எதிர்த்துப் போனால் மெதுவாக ஓடும். ஆகாயத்திலும் ஆறுகள் உண்டு. ஒன்பது முதல் பன்னிரண்டு கிலோமீற்றர் உயரத்தில், நடு அகலக்கோடுகளின் மேலாக, மேற்கிலிருந்து கிழக்கே மணிக்கு 150, 200 கிலோமீற்றர் வேகத்தில், சில நாட்களில் அதற்கும் மேலாக ஓடும் காற்றை ஜெட் காற்றோட்டம் என்கிறார்கள். லண்டனிலிருந்து வரும் விமானம் அதன் முதுகில் ஏறி வருகிறது. போகும் விமானம் அதை எதிர்த்தோ, தவிர்த்துச் சுற்றியோ போகிறது. பூமியின் தென் பாதியிலும் இப்படி ஒன்று மேற்கிலிருந்து கிழக்கேதான் ஓடுகிறது. மெல்பேர்ணுக்குப் போவதைவிட அங்கிருந்து வருவது நீளமாக இருப்பது அதனால்.

போகும்போது இழந்ததை வரும்போது பெற்றுவிடுகிறோம் என்று நினைத்தால் அதுவும் சரியில்லை. 8,000 கிலோமீற்றர் தூரத்தை 900 வேகத்தில், காற்றே இல்லாமல் போய்வந்தால் 17 மணி 47 நிமிடம். மணிக்கு 100 கிலோமீற்றர் காற்று இருந்தால் ஒரு வழி 800 வேகத்தில் 10 மணி நேரம், மறு வழி 1,000 வேகத்தில் 8 மணி நேரம், ஆக 18. எதிர்க்காற்றில் நிற்கும் நேரம் கூடுதல் என்பதால் நட்டம் எப்போதும் கொஞ்சம் மிஞ்சும்.

எங்களுக்கு மேலே ஓடும் ஆறு இன்னும் விசித்திரமானது. ஜூன் முதல் செப்டெம்பர் வரை, கீழே தென்மேல் பருவக்காற்று வீசும் காலத்தில், தென்னிந்தியாவின் மேல் உயரே கிழக்கிலிருந்து மேற்கே ஒரு வலுவான காற்று ஓடுகிறது. இதை 1950-களில் ஆராய்ந்து எழுதியவர் இந்திய வானிலை அறிஞர் பி. கோட்டீஸ்வரம். காலிமுகத் திடலில் உங்கள் குடையை மேற்கிலிருந்து வரும் காற்று பறிக்கும் அதே வேளையில், தலைக்கு மேலே பன்னிரண்டு கிலோமீற்றரில் காற்று எதிர்ப்பக்கம் ஓடிக்கொண்டிருக்கும். அந்த மாதங்களில் கிழக்கே போகும் விமானங்களுக்குத்தான் எதிர்க்காற்று.

காற்று மட்டுமல்ல, அரசியலும் நூலை வளைக்கிறது. 2022 பெப்ரவரியில் உக்ரேன் போர் தொடங்கியபின் ரஷ்யா தன் வான்வெளியை ஐரோப்பிய நிறுவனங்களுக்கு மூடியது. ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்கு ஒன்பதரை மணி நேரமாக இருந்த பயணம் 13 மணி நேரமாகிவிட்டது. இரண்டு விமான நிலையங்களும் அந்தந்த இடத்திலேயே இருக்கின்றன.

கடைசியாகக் கடிகாரம். டிக்கெட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் நேரம். சேரும் நேரம் சேரும் ஊரின் நேரம். ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்துப் பயண நேரம் என்று சொல்ல முடியாது. சென்னைக்கு இந்தச் சிக்கல் இல்லை, இரண்டு இடத்திலும் ஒரே நேரம். ஆனால் எப்போதும் அப்படி இருக்கவில்லை. 1996-இல் மின்வெட்டுக் காலத்தில் எங்கள் கடிகாரத்தை முன்தள்ளினார்கள். பிறகு சற்றுக் குறைத்தும், 2006 ஏப்ரல் வரை இந்தியாவைவிட அரை மணி நேரம் முந்தியே இருந்தோம். அந்தக் காலத்தில் கட்டுநாயக்கவில் 10:00 மணிக்கு ஏறினால் சென்னையில் கடிகாரம் 10:55 காட்டும். மத்தியானம் 12:00 மணிக்குச் சென்னையில் ஏறினால் இங்கே 1:55. அதே விமானம், அதே வழி. போவதற்கு ஐம்பத்தைந்து நிமிடம், வருவதற்கு இரண்டு மணி நேரத்துக்கு ஐந்து நிமிடம் குறைவு என்று தோன்றும்.

இவ்வளவும் தெரிந்த நான் ஒருமுறை கோட்டைவிட்டேன். ரொறன்ரோவிலிருந்து சித்தப்பா பொங்கலுக்கு வந்தார். வியாழன் இரவு 10:00 மணிக்கு ஏற்றம், டுபாயில் மாறி, கொழும்பில் காலை 8:20-க்கு இறக்கம். இரவு ஏறுகிறார், காலையில் இறங்குகிறார், வெள்ளிக்கிழமைதானே என்று நானே முடிவு செய்துகொண்டு, நாலரை மணிக்கே எழும்பி, வான் வண்டிக்குச் சொல்லிவைத்து, அதிவேக நெடுஞ்சாலையில் போய் வருகை மண்டபத்தில் நின்றேன். 8:20 ஆனது, 9:30 ஆனது; சித்தப்பா வரவில்லை. டிக்கெட்டின் படத்தைத் தொலைபேசியில் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் 8:20-க்குப் பக்கத்தில் எறும்பு அளவில் +2 என்று இருப்பது தெரிந்தது. புறப்பட்ட நாளிலிருந்து இரண்டாவது நாள், அதாவது சனிக்கிழமை. ஜனவரியில் ரொறன்ரோ எங்களைவிட பத்தரை மணி நேரம் பின்னால். அங்கே வியாழன் இரவு 10:00 என்றால் இங்கே வெள்ளி காலை 8:30. நான் மண்டபத்துக் கம்பியில் சாய்ந்துகொண்டு அவர் முகத்தைத் தேடிக்கொண்டிருந்த அந்த நிமிடத்தில்தான், ரொறன்ரோவில் அவருடைய விமானத்தின் சக்கரத்திலிருந்து கட்டையை எடுத்திருக்கிறார்கள்.